டிரான்சியன்ட் போட்டும் ஃபீல்டு ஜேசனில் வருகிறது, ஏன்?

9 ஜூன் 2025, காலை (வாசகர் கேள்வி)

ஜாவாவில் எழுதிய யூசர் கிளாஸில் பாஸ்வேர்டுஹேஷ் என்று ஒரு ஃபீல்டு. அது வெளியே போகக்கூடாது என்று முன்னால் டிரான்சியன்ட் (இதைச் சேமிக்காமல் விடு என்று சொல்லும் ஜாவா சொல்) போட்டிருக்கிறேன். ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம் வழியாக ஃபைலில் எழுதித் திரும்பப் படித்தால் நல் (மதிப்பே இல்லை என்று பொருள்) வருகிறது. அதுவரை சரி. அதே ஆப்ஜெக்டை ஸ்பிரிங் பூட் கன்ட்ரோலரிலிருந்து அனுப்பினால் வெளியே போகும் ஜேசன் எழுத்து வடிவத்தில் ஹேஷ் முழுதாக இருக்கிறது. ஆப்ஜெக்டை ஜேசன் ஆக்கும் ஜாக்சன் லைப்ரரியில் பக் என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

9 ஜூன், மாலை

பக் இல்லை. அந்த ஃபீல்டுக்கு ஒரு கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) இருக்கும். கெட்டர் போன்றவற்றைத் தானே உருவாக்கும் லாம்பாக்கின் டேட்டா அனொடேஷன் போட்டிருந்தால் கோடில் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். ஜாக்சன் கெட்டரைப் பார்த்துத்தான் எதை எழுதுவது என்று முடிவுசெய்கிறது.

ஜாவாவில் டிரான்சியன்ட் செய்யும் வேலை மிகச் சின்னது. கம்பைல் ஆகும்போது கிளாஸ் ஃபைலில் அந்த ஃபீல்டின் மேல் ஒரு பிட் வைக்கப்படுகிறது. அதைப் பார்த்து என்ன செய்வது என்பது படிக்கிற லைப்ரரியின் இஷ்டம். ஜேடிகேயின் (ஜாவாவோடு வரும் தொகுப்பின்) சொந்த சீரியலைசேஷன், அதாவது ஆப்ஜெக்டை ஃபைலில் எழுதும் வழி, அந்த ஃபீல்டை விட்டுவிடும். ஜேசன் எழுதும் இன்னொரு லைப்ரரியான ஜிசனும் டிரான்சியன்ட், ஸ்டாடிக் இரண்டையும் தானாகவே விட்டுவிடும். ஜாக்சன் அப்படிச் செய்யாது. ஒரே கிளாஸ், மூன்று வழி, மூன்றில் ஒன்றில் ஹேஷ் வெளியே போகிறது.

உடனடித் தீர்வு: ஃபீல்டின் மேலோ கெட்டரின் மேலோ ஜேசன்இக்னோர் அனொடேஷன் போடுங்கள். டிரான்சியன்ட் உள்ள எல்லாவற்றையும் ஜாக்சன் ஒதுக்க வேண்டும் என்றால் மேப்பரில் (ஜாக்சனில் ஜேசன் ஆக்கும் வேலையைச் செய்யும் ஆப்ஜெக்ட்) புரொபகேட் டிரான்சியன்ட் மார்க்கர் என்ற அமைப்பை இயக்கலாம். இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

9 ஜூன், இரவு

மாலையில் எழுதியதைக் கொஞ்சம் துல்லியமாக்க வேண்டும். ஜாக்சன் அந்த பிட்டைப் பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டர் இல்லாத பப்ளிக் டிரான்சியன்ட் ஃபீல்டை அது எடுப்பதில்லை. கெட்டர் என்று வேறொரு வாசல் திறந்திருந்தால் அந்த வழியாகப் போய்விடுகிறது.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸில் சேமிக்கும் முறையான ஜேபிஏயில் இதே பெயரில் ஓர் அனொடேஷன் இருக்கிறது. அந்த ஃபீல்டுக்கு டேபிளில் நெடுவரிசை கிடையாது என்று மட்டுமே அதற்குப் பொருள். கணக்குப் போட்டு வரும் மொத்தத் தொகை போன்றவற்றுக்கு அதைப் போடுவோம், ஜேசனில் அது வர வேண்டும். ஆனால் ஜாக்சனோடு, ஜேபிஏ லைப்ரரியான ஹைபர்னேட்டுக்கென்று உள்ள மாட்யூலைச் சேர்த்தால், அந்த மாட்யூல் இயல்பாகவே ஜேபிஏ அனொடேஷனைப் பார்த்து ஜேசனிலிருந்தும் அந்த ஃபீல்டைத் தூக்கிவிடும். டிபென்டென்சியில் ஒரு வரி சேர்த்ததும் மொத்தத் தொகை காணாமல் போனது என்று திண்டாடும் டீமைப் பார்த்திருக்கிறேன். மாட்யூலில் யூஸ் டிரான்சியன்ட் அனொடேஷன் என்ற அமைப்பை அணைத்தால் தொகை திரும்பி வரும்.

10 ஜூன், காலை

எழுதும்போது எதை விடுவது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். விட்ட ஃபீல்டு படிக்கும்போது என்ன ஆகிறது என்பதில்தான் பாதிப் பிரச்சினை இருக்கிறது.

ஜேடிகே சீரியலைசேஷனில் ஆப்ஜெக்ட் திரும்ப உருவாகும்போது அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. மேலே உள்ள பேரண்ட் கிளாஸ்களில் சீரியலைசபிள் இல்லாத முதல் கிளாஸின் ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடும். நம் கிளாஸில் ஃபீல்டுக்கு எதிரே எழுதிவைத்த ஆரம்ப மதிப்பும் ஓடாது. டிரான்சியன்ட் லிஸ்ட் ஒன்றுக்கு எதிரே நியூ அரேலிஸ்ட் என்று எழுதியிருப்போம். படித்து முடித்ததும் அது காலி லிஸ்டாக இருக்கும் என்று நம்புவோம். இருக்காது, நல் ஆக இருக்கும். எண் என்றால் 0, பூலியன் என்றால் ஃபால்ஸ்.

இது உடனே வெடிக்காது என்பதால்தான் எனக்குக் கவலை. செஷனில் (ஒரு யூசரின் விவரங்களை வெப் சர்வர் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) வைக்கும் ஆப்ஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் மெஷினில் செஷன் மெமரியிலேயே பிறந்து மெமரியிலேயே போய்விடும். டாம்கேட் சர்வரின் 10.0 வரையிலான பதிப்புகளின் இயல்பான அமைப்பில் (10.1 முதல் இதை நாமே இயக்க வேண்டும்), சர்வரை ஒழுங்காக நிறுத்தினால் செஷன்கள் செஷன்ஸ்.செர் என்ற ஃபைலில் எழுதப்பட்டு, மறுபடி ஏற்றும்போது படிக்கப்படும். அப்போதுதான் முதன்முதலாக அந்த லிஸ்ட் நல் ஆகும். யாரோ ஒரு வாடிக்கையாளர் கார்ட்டைத் திறக்கும்போது நல்பாயின்டர் எக்செப்ஷன் வரும். லாகில் காட்டும் வரிக்கும் சீரியலைசேஷனுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு டீமில் இதைக் கண்டுபிடிக்க நிறைய பேர் நிறைய நேரம் உட்கார்ந்தார்கள்.

செய்ய வேண்டியது: கிளாஸில் பிரைவேட் ஆக ரீட்ஆப்ஜெக்ட் மெத்தட் எழுதி, முதலில் டிஃபால்ட்ரீட்ஆப்ஜெக்ட் கூப்பிட்டு, அப்புறம் விட்டுப்போன ஃபீல்டுகளை உருவாக்க வேண்டும். அல்லது ஃபீல்டை நேரடியாகத் தொடாமல், நல் என்றால் உருவாக்கித் தரும் மெத்தட் வழியாக மட்டும் எடுக்க வேண்டும். ஃபீல்டு ஃபைனல் என்றால் ரீட்ஆப்ஜெக்டில் மதிப்பு வைக்க முடியாது. அங்கே ரீட்ரிசால்வ் எழுதி, கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் புது ஆப்ஜெக்ட் செய்து திருப்பிக் கொடுப்பதுதான் ஒழுங்கான வழி.

10 ஜூன், மதியம்

ஸ்டாடிக் பற்றிக் கேட்டவருக்கு: ஸ்டாடிக் ஃபீல்டு ஆப்ஜெக்டைச் சேர்ந்ததே இல்லை, அதனால் எழுதப்படாது. லாகரை ஸ்டாடிக் ஆக வைத்திருந்தால் டிரான்சியன்ட் தேவையில்லை.

11 ஜூன், இரவு

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இந்த இழை முழுக்க "இதை விடு, அதை விடு" என்றே போய்க்கொண்டிருக்கிறது. அந்த அணுகுமுறையே தவறு என்பது என் கருத்து. விட வேண்டியதைக் குறிக்கக்கூடாது, சேமிக்க வேண்டியதைக் குறிக்க வேண்டும்.

காரணம், கிளாஸ் நம் கையோடு நிற்பதில்லை. இன்று 8 ஃபீல்டு இருக்கும், நாம் உட்கார்ந்து யோசித்து இரண்டுக்கு ஜேசன்இக்னோர் போடுவோம். அடுத்த வருடம் வேறொருவர் வேறொரு தேவைக்காக ஒன்பதாவதைச் சேர்ப்பார். அவருக்கு அந்த கிளாஸ் எங்கெல்லாம் ஜேசன் ஆகிறது என்று தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. என் கண்முன்னே நடந்தது: வாடிக்கையாளர் கிளாஸில் பில்லிங் தேவைக்காகப் பான் எண் சேர்ந்தது. அதே கிளாஸைத்தான் டெலிவரி பார்ட்னருக்கு அனுப்பும் ஏபிஐயும் பயன்படுத்தியது. பான் எண்ணை வெளியே அனுப்பு என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதாமலே போனது. கோட் ரிவ்யூவில் பார்த்தவர் கண்ணுக்கும் படவில்லை, ஏனென்றால் அனுப்பும் கோடில் மாற்றமே இல்லை. ஒரு மாற்றமும் இல்லாத ஃபைலை யார் திறந்து பார்ப்பார்கள்?

அனுமதிப் பட்டியல் இருந்தால் நிலைமை தலைகீழ். புது ஃபீல்டு தானாகப் போகாது. வேண்டும் என்கிறவர் வந்து கேட்பார், அப்போது ஒருவர் யோசிப்பார். வராத ஃபீல்டைப் பற்றி அன்றே போன் வந்துவிடும். கசிந்த ஃபீல்டைப் பற்றி யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

பட்டியல் வைக்க வழி எல்லா மொழியிலும் இருக்கிறது. ஜிசனில் எக்ஸ்போஸ் அனொடேஷன் உண்டு. அது இல்லாத ஃபீல்டுகளை ஒதுக்கு என்று பில்டரில் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் எக்ஸ்போஸ் போட்டதற்குப் பலனே இல்லை. ஜாக்சனில் ஜேசன்ஆட்டோடிடெக்ட் கொண்டு எல்லாவற்றையும் மூடிவிட்டு, வேண்டியதற்கு மட்டும் ஜேசன்பிராப்பர்ட்டி. சி ஷார்ப்பில் டேட்டாகான்ட்ராக்ட், டேட்டாமெம்பர் ஜோடி முதலிலிருந்தே இந்த யோசனையில்தான் கட்டப்பட்டது. பிஎச்பியில் ஸ்லீப் மெத்தட் சேமிக்க வேண்டிய ஃபீல்டுகளின் பெயர்ப் பட்டியலைத் திருப்பித் தரும். 7.4 வந்தபின் சீரியலைஸ், அன்சீரியலைஸ் என்ற இரண்டு மேஜிக் மெத்தட்கள் இன்னும் வசதி. ஜாவாவிலேயே, ஜேடிகே சீரியலைசேஷனுக்கு, சீரியல்பெர்சிஸ்டென்ட்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பிரைவேட் ஸ்டாடிக் ஃபைனல் அரே வைத்தால் அதில் உள்ளவை மட்டும் போகும், டிரான்சியன்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. வருடக்கணக்காக ஜாவா எழுதுபவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

12 ஜூன், காலை

"நீங்கள் சொல்வது எழுதும் பக்கம். படிக்கும் பக்கத்துக்கும் இது பொருந்துமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

2012 மார்ச்சில் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. கிட்ஹப் கட்டப்பட்டிருந்த ரெயில்ஸ் என்ற வெப் கட்டமைப்பில், ஃபார்மிலிருந்து வரும் மதிப்புகளை மாடலில் அப்படியே இறக்கும் வசதி இருந்தது. ஒருவர் தன் பப்ளிக் கீயை ஏற்றும் ஃபார்மில் வேறொரு யூசர் ஐடியைச் சேர்த்து அனுப்பி, ரெயில்ஸின் கோட் கிடங்கிலேயே மாற்றம் எழுதிக் காட்டினார். எந்த ஃபீல்டை வெளியிலிருந்து ஏற்கலாம் என்ற பட்டியல் அங்கே இல்லை. 2013-இல் ரெயில்ஸ் 4 வந்தபோது அனுமதிக்கும் பெயர்களை கன்ட்ரோலரில் எழுதியே ஆக வேண்டும் என்று மாற்றினார்கள்.

ஸ்பிரிங்கிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. வரும் மதிப்புகளை ஆப்ஜெக்டில் இறக்கும் டேட்டாபைன்டரில் அனுமதிக்கும் ஃபீல்டுகளையும் சொல்லலாம், தடுக்கும் ஃபீல்டுகளையும் சொல்லலாம். 2022-இல் வெளியான ஓர் எச்சரிக்கை என்ன சொன்னது தெரியுமா? அப்போதைய பதிப்புகளில் தடுக்கும் பெயர்ப் பட்டியல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்கிறது, ஆகவே முதல் எழுத்தை இரண்டு விதமாகவும் எழுதியிருந்தால்தான் அந்த ஃபீல்டு உண்மையில் காக்கப்படும். தடுப்புப் பட்டியலை எவ்வளவு அக்கறையாக எழுதினாலும் ஏதோ ஒரு சந்து மிஞ்சுகிறது.

12 ஜூன், மாலை

காலையில் எழுதியதன் தொடர்ச்சி. ஒரு ஃபீல்டு உள்ளே வரலாம், வெளியே போகக்கூடாது என்றால்? புதுக் கணக்கு தொடங்கும்போது பாஸ்வேர்டு இப்படித்தான். இங்கே வெறும் ஜேசன்இக்னோர் போட்டால் இரண்டு பக்கமும் அடைபடும். கெட்டரின் மேல் மட்டும் போட்டாலும் செட்டர் (மதிப்பை வைக்கும் மெத்தட்) சேர்ந்தே போய்விடும், செட்டரின் மேல் ஜேசன்பிராப்பர்ட்டி என்று தனியாக எழுதாதவரை. பாஸ்வேர்டு நல் ஆக வந்து நிற்கும். ஜாக்சன் 2.6 முதல் ஜேசன்பிராப்பர்ட்டியில் ஆக்சஸ் என்று சொல்ல முடிகிறது. ரைட்ஒன்லி என்று வைத்தால் ஜேசனிலிருந்து ஆப்ஜெக்டுக்கு வரும், ஆப்ஜெக்டிலிருந்து ஜேசனுக்குப் போகாது.

ஆனாலும் எனக்குப் பிடித்தது இரண்டு தனி கிளாஸ்கள்தான். உள்ளே வரும் கோரிக்கைக்கு ஒன்று, வெளியே போகும் பதிலுக்கு ஒன்று. அதிகக் கோட், சலிப்பான கோட், உண்மைதான். படித்ததும் புரியும் கோடும் அதுதான்.

13 ஜூன், இரவு

எதை விடலாம் என்று முடிவுசெய்யக் கற்றுக்கொள்ள ஜேடிகேயின் சொந்த கோடைவிட நல்ல இடம் இல்லை. அரேலிஸ்டைத் திறந்து பாருங்கள். உள்ளே பொருட்களை வைத்திருக்கும் அரேயே டிரான்சியன்ட்! முதலில் பார்க்கும்போது திகைப்பாக இருக்கும், லிஸ்டில் இருப்பதே அதுதானே? பிறகு ரைட்ஆப்ஜெக்டைப் பார்த்தால் விளங்கும். அரே 1000 இடத்துக்கு வளர்ந்திருக்கலாம், அதில் 12 பொருள்தான் இருக்கலாம். மீதி 988 நல்களை எழுதி என்ன பயன்? அதனால் உள்ளதை மட்டும் ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள்.

ஹேஷ்மேப்பில் காரணம் இன்னும் ஆழம். அதன் டேபிளும் டிரான்சியன்ட். ஒரு கீ டேபிளின் எந்த பக்கெட்டில் (பிரிவில்) விழும் என்பதை, அந்தக் கீயிலிருந்து கணக்கிடும் ஹேஷ்கோட் என்ற எண் தீர்மானிக்கிறது. ஹேஷ்கோடைத் தானே எழுதாத கிளாஸில், அந்த எண் ஒவ்வொரு ஜேவிஎம்மிலும் (ஜாவா கோடை ஓட்டும் மென்பொருள்) வேறாக வரலாம். பக்கெட் அமைப்பை அப்படியே சேமித்து வேறொரு ஜேவிஎம்மில் இறக்கினால் கீ இருக்கும், தேடினால் கிடைக்காது. எனவே கீயையும் மதிப்பையும் மட்டும் எழுதி, படிக்கும்போது மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டுக் கட்டுகிறார்கள்.

கட்டிடத்தை இடம் மாற்றும்போது செங்கல்லைத்தான் கொண்டுபோக முடியும், நிழலைக் கொண்டுபோக முடியாது. ஆப்ஜெக்டிலும் அப்படி நிறைய நிழல் இருக்கிறது: கேஷ், கணக்கிட்ட மொத்தம், இண்டெக்ஸ். இவற்றைச் சேமித்தால் இடம் வீணாவது சின்ன நஷ்டம். மூலம் மாறி இவை மாறாமல் நிற்பதுதான் பெரிய நஷ்டம். விலையைத் திருத்தியபின் பழைய மொத்தத்தோடு எழுந்து வரும் பில் நினைவிருக்கட்டும்.

சாக்கெட், த்ரெட், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் போன்றவை வேறு ரகம். அவற்றை எழுதவே முடியாது, நாட்சீரியலைசபிள் எக்செப்ஷன் வந்துவிடும். கனெக்‌ஷனை விட்டுவிட்டு, கனெக்‌ஷன் செய்யத் தேவையான முகவரியை மட்டும் சேமிக்க வேண்டும்.

மூன்றாவது ரகம் ரகசியம். இதில் எனக்கு இப்போது கொஞ்சம் மாற்றுச் சிந்தனை. ரகசியம் என்றாலே விட்டுவிடு என்று சொல்லிவிட முடியாது. மறுபடி லாகின் கேட்காமல் யூசரை உள்ளே வைத்திருக்கும் ரிஃப்ரெஷ் டோக்கனை விட்டுவிட்டால் சர்வர் மறுபடி ஏறும்போது எல்லா யூசரும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். அதை ஏற்க முடியாத இடத்தில், அந்த ஒன்றை மட்டும் ரைட்ஆப்ஜெக்டில் என்கிரிப்ட் செய்து எழுதலாம், அல்லது டோக்கனைத் தனி இடத்தில் வைத்து ஆப்ஜெக்டில் அதன் ஐடியை மட்டும் வைக்கலாம். இரண்டாவது எனக்கு உகந்தது.

14 ஜூன், காலை

நாட்சீரியலைசபிள் எக்செப்ஷன் வருகிறது, எந்த ஃபீல்டு என்று தெரியவில்லை என்பவருக்கு. ஜேவிஎம்மை ஏற்றும்போது சன்.ஐஓ.சீரியலைசேஷன்.எக்ஸ்டெண்டெட்டீபக்இன்ஃபோ என்ற பிராப்பர்ட்டியை ட்ரூ என்று கொடுங்கள். எந்த ஆப்ஜெக்டின் எந்த ஃபீல்டு வழியாகப் போய் மாட்டியது என்ற பாதை முழுவதும் எக்செப்ஷனிலேயே வரும்.

பெரும்பாலும் நாம் எழுதாத ஃபீல்டாக இருக்கும். ஸ்டாடிக் இல்லாத இன்னர் கிளாஸ், தன் வெளி கிளாஸின் ஆப்ஜெக்டை மறைமுக ஃபீல்டாகப் பிடித்துக்கொண்டிருக்கும். சின்ன ஆப்ஜெக்டை எழுதப் போனால் பின்னால் அந்த வெளி ஆப்ஜெக்ட் முழுவதும் வரும். அந்த ஃபீல்டுக்கு நாம் டிரான்சியன்ட் போட வழி இல்லை, இன்னர் கிளாஸை ஸ்டாடிக் ஆக்குவதுதான் தீர்வு. சி ஷார்ப்பில் ஈவென்ட் இதே வேலையைச் செய்யும். ஈவென்டுக்குப் பின்னால் ஒரு டெலிகேட் ஃபீல்டு, அதில் பதிவுசெய்தவர் எல்லோரும் இருப்பார்கள். அங்கே நான்சீரியலைஸ்டு அனொடேஷனுக்கு முன்னால் ஃபீல்டு, கோலன் என்று சேர்த்து எழுதினால் பின்னாலிருக்கும் ஃபீல்டுக்குப் போய்ச் சேரும். அந்த அனொடேஷனை நம்பி இருந்த பைனரிஃபார்மேட்டரே .நெட் 9-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய கோடைப் பராமரிப்பவர்களுக்கு மட்டும் இது.

14 ஜூன், மாலை

பைதான்காரர்களும் வந்துவிட்டார்கள், நல்லது. பிக்கிள் (பைதானில் ஆப்ஜெக்டை எழுதிவைக்கும் முறை) செய்யும்போது கெட்ஸ்டேட் மெத்தடில் ஆப்ஜெக்டின் டிக்‌ஷனரியைத் திருப்பித் தருவோம், வேண்டாததை நீக்கிவிட்டு. இங்கே ஒரு பொறி உண்டு. டிக்‌ஷனரியை காப்பி எடுக்காமல் நேரடியாக அதிலிருந்தே லாக்கை (ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காக்கும் பூட்டை) நீக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டிலிருந்தே லாக் போய்விடும். ஃபைல் சரியாக எழுதப்படும், டெஸ்ட் பாஸ் ஆகும். எழுதிய பிறகு அதே ஆப்ஜெக்டைத் தொடுபவர் அட்ரிபியூட் எரர் வாங்குவார். முதல் வரியிலேயே காப்பி எடுங்கள்.

படிக்கும்போது இனிட் (ஆப்ஜெக்டை ஆரம்பித்துவைக்கும் மெத்தட்) ஓடாது, இது ஜாவா கதையேதான். செட்ஸ்டேட்டில் புது லாக் செய்து வைக்க வேண்டும். 3.11 முதல் எல்லா ஆப்ஜெக்டுக்கும் இயல்பான கெட்ஸ்டேட் ஒன்று இருக்கிறது, ஆகவே காப்பியை அங்கிருந்து தொடங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பழைய பதிப்பில் ஓட வேண்டிய கோடாக இருந்தால் வேண்டாம்.

15 ஜூன், காலை

பழைய ஃபைல்கள் பற்றி யாருமே கேட்கவில்லை என்று இருந்தேன், இன்று கேட்டுவிட்டார்கள். "ஏற்கெனவே ஃபைல்கள் எழுதியாகிவிட்டது. இப்போது ஒரு ஃபீல்டுக்கு டிரான்சியன்ட் சேர்க்கலாமா?"

கிளாஸின் பதிப்பைக் குறிக்கும் எண்ணான சீரியல்வெர்ஷன்யூஐடி எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எழுதாவிட்டால் கிளாஸின் பெயர், இன்டர்ஃபேஸ்கள், ஃபீல்டுகள், மெத்தட்கள் எல்லாவற்றையும் வைத்து ஜாவா தானே ஓர் எண் கணக்கிடும். அந்தக் கணக்கில் பிரைவேட் டிரான்சியன்ட் ஃபீல்டுகள் சேராது. அப்படியானால் இதுவரை கணக்கில் இருந்த ஒரு பிரைவேட் ஃபீல்டுக்கு டிரான்சியன்ட் போட்ட உடனே அது கணக்கிலிருந்து விழுகிறது, எண் மாறுகிறது, பழைய ஃபைல் ஒன்றுகூடத் திறக்காது. இன்வாலிட்கிளாஸ் எக்செப்ஷன். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்ததற்கு இது.

எண்ணை நாமே எழுதியிருந்தால் பழைய ஃபைல் திறக்கும். அதில் உள்ள அந்த ஃபீல்டின் மதிப்பு கண்டுகொள்ளப்படாமல் போகும். ஆனால் எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும்: புதுப் பதிப்பு எழுதிய ஃபைலைப் பழைய பதிப்பு படித்தால் அந்த ஃபீல்டு 0 அல்லது நல் ஆகத் தெரியும். அதனால்தான் ஜாவாவின் சீரியலைசேஷன் விவரக்குறிப்பு இதை ஒத்துவராத மாற்றங்கள் வரிசையில் வைத்திருக்கிறது. பழைய பதிப்பும் புதுப் பதிப்பும் ஒரே நேரத்தில் ஓடும் கிளஸ்டரில், சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றும் அந்தச் சில நிமிடங்களில், இது நிஜமாகவே நடக்கும்.

எண் எழுதாமல் ஃபைல்கள் ஏற்கெனவே வெளியே போய்விட்டதா? மாற்றம் செய்வதற்கு முன்னால், பழைய கம்பைல் செய்த கிளாஸின் மேல் சீரியல்வெர் என்ற கமாண்டை ஓட்டுங்கள். ஜேடிகேயோடு வருவதுதான். அது காட்டும் எண்ணை கிளாஸில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் டிரான்சியன்ட் போடுங்கள்.

15 ஜூன், இரவு

கோ மொழிக்காரர் ஒருவர், தங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை என்கிறார். சிறிய எழுத்தில் தொடங்கும் ஃபீல்டு ஜேசனில் போகாது, பெரிய எழுத்து என்றால் போகும், டேகில் ஒரு சிறு கோடு போட்டால் போகாது. உண்மை, சுத்தமான ஏற்பாடு. ஆனால் மதிப்பு காலி என்றால் ஃபீல்டை விடச் சொல்லும் ஆமிட்எம்ப்டி பக்கம் வாருங்கள். தள்ளுபடி 0 என்று தெரிந்தே வைத்தாலும் அந்த ஃபீல்டு விழுந்துவிடும். ஆக்டிவ் ஃபால்ஸ் என்றாலும் விழும். பெறுகிறவருக்கு "0 என்று சொன்னார்கள்" என்பதற்கும் "ஒன்றும் சொல்லவில்லை" என்பதற்கும் வித்தியாசம் தெரியாது. அதே ஆமிட்எம்ப்டி, காலியான டைம் மதிப்பை விடாது, ஏனென்றால் அது ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டுகள் சேர்ந்த டைப்). கோ 1.24-இல் ஆமிட்சீரோ வந்தபின்தான் அதற்கு வழி பிறந்தது.

ஃபீல்டைப் பார்த்து விடுவது ஒன்று, மதிப்பைப் பார்த்து விடுவது வேறொன்று. ஜாக்சனில் நான்நல், நான்டிஃபால்ட் எல்லாம் இரண்டாவது வகை. பாதி விவரத்தை மட்டும் திருத்தும் பேட்ச் கோரிக்கைகளில் இரண்டாவது வகையை யோசிக்காமல் போட்டால், "இந்த முகவரியை அழித்துவிடு" என்று யூசர் சொன்னது சர்வருக்குப் போய்ச் சேராது.

16 ஜூன், காலை

ஜேசனையும் ஃபைலையும் மட்டுமே பேசுகிறோம். லாகும் (புரோகிராம் எழுதும் நிகழ்வுப் பதிவும்) சேமிப்புத்தான். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. ஹேஷ் செய்து முடிவதற்கு முன்பே பாஸ்வேர்டுகள் உள்ளே இருந்த ஒரு லாகில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. டேட்டாபேஸ் பக்கம் ஒழுங்காகவே இருந்தது.

லாம்பாக்கின் டேட்டா போட்டவர்கள் கவனிக்க: ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் இரண்டும் டிரான்சியன்ட் ஃபீல்டை விட்டுவிடும், ஆப்ஜெக்டை லாகில் எழுதும் எழுத்தாக மாற்றும் டூஸ்ட்ரிங் விடாது. டூஸ்ட்ரிங்.எக்ஸ்க்ளூட் தனியாகப் போட வேண்டும். ஒரு ஃபீல்டுக்கு இப்படி நாலு இடத்தில் நாலு அனொடேஷன் தேவைப்படுகிறது என்றால், ரகசியத்தை வெறும் ஸ்ட்ரிங் ஆக வைக்காமல் தனி டைப் ஆக வையுங்கள். அந்த டைப்பின் டூஸ்ட்ரிங் நட்சத்திரக் குறிகளைத் தரட்டும், சீரியலைசபிள் போட வேண்டாம். பைதானில் பைடான்டிக் தரும் சீக்ரெட்ஸ்ட்ரிங் இந்த வழிதான்.

16 ஜூன், மாலை

ரெக்கார்டில் (ஃபீல்டுகளைத் தலைப்பிலேயே சொல்லிவிடும் ஜாவா கிளாஸ் வகை) டிரான்சியன்ட் எங்கே போடுவது என்ற கேள்விக்கு: எங்கேயும் போட முடியாது. ரெக்கார்டின் தலைப்பில் உள்ளவைதான் அதன் ஃபீல்டுகள், அவை எல்லாமே போகும். ரைட்ஆப்ஜெக்ட், ரீட்ஆப்ஜெக்ட், சீரியல்பெர்சிஸ்டென்ட்ஃபீல்ட்ஸ் எதுவும் ரெக்கார்டில் செல்லாது. குறைபோலத் தெரிகிறது, எனக்கு இதுதான் அதன் பலம். 11-ஆம் தேதி எழுதிய அனுமதிப் பட்டியலை ஜாவா 16 முதல் ஒரு வரியில் எழுத முடிகிறது: வெளியே போக வேண்டியவற்றை மட்டும் கொண்ட ஒரு ரெக்கார்ட். படிக்கும்போது கன்ஸ்ட்ரக்டர் கட்டாயம் ஓடுகிறது, ஆகவே அங்கே வைத்த சரிபார்ப்பும் ஓடுகிறது. 10-ஆம் தேதி புலம்பிய நல் லிஸ்ட் பிரச்சினை இங்கே கிடையாது.

டேட்டாபேஸ் டேபிளோடு இணைந்த எண்டிட்டி கிளாஸை ரெக்கார்ட் ஆக்கச் சொல்லவில்லை, அது ஜேபிஏயில் நடக்காது. எண்டிட்டியிலிருந்து ரெக்கார்டுக்கு மாற்றி அனுப்புங்கள்.

17 ஜூன், காலை

எல்லா கிளாஸையும் உடனே பிரிக்க முடியாத பழைய புராஜெக்டில் என்ன செய்வது? ஒரு டெஸ்ட் எழுதுங்கள். எல்லா ஃபீல்டுகளிலும் ஏதாவது மதிப்பு வைத்த ஆப்ஜெக்ட் ஒன்றை, ஏபிஐ பயன்படுத்தும் அதே மேப்பரில் ஜேசன் ஆக்கி, கீகளின் பெயர்களை மட்டும் எடுத்து, எதிர்பார்க்கும் பெயர்களோடு ஒப்பிட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் ஃபெயில். புது ஃபீல்டு சேர்ப்பவர் இந்த டெஸ்டைத் தொட்டே ஆக வேண்டும், கோட் ரிவ்யூவில் அது தனி வரியாகத் தெரியும். பான் எண் கதை நடந்த இடத்தில் பிறகு இதைத்தான் செய்தோம்.

டெஸ்டில் புது ஆப்ஜெக்ட்மேப்பர் உருவாக்கிப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பிரிங் பூட் தன் மேப்பரில் சில அமைப்புகளை மாற்றி வைத்திருக்கிறது, தெரியாத கீ வந்தால் எக்செப்ஷன் எறியாமல் விடுவது அதில் ஒன்று. ஜாக்சன் 2-இல் நாமே உருவாக்கும் மேப்பர் எறியும். சர்வரில் ஓடும் மேப்பரையே டெஸ்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுகளின் கீகளையும் சேர்த்து எடுங்கள். மேல்மட்டம் மட்டும் பார்த்தால் ஆர்டருக்குள் இருக்கும் வாடிக்கையாளர் தப்பிவிடுவார்.

17 ஜூன், இரவு

காட்லின் மொழியில் டிரான்சியன்ட் போட்டும் ஃபீல்டு வருகிறது என்பவருக்கு: மேலே இம்போர்ட் வரியைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன. இம்போர்ட் இல்லாமல் தானாகக் கிடைப்பது காட்லின்.ஜேவிஎம்மைச் சேர்ந்தது, அது ஜாவாவின் அதே பிட்டை வைக்கும். காட்லின்எக்ஸ் சீரியலைசேஷன் லைப்ரரி பார்ப்பது தன்னுடையதை மட்டும், அதை நீங்களே இம்போர்ட் செய்ய வேண்டும். செய்தபின், அந்த பிராப்பர்ட்டிக்கு டிஃபால்ட் மதிப்பு கொடுக்காவிட்டால் கம்பைலர் விடாது, கொடுத்துவிடுங்கள்.